படம் தள்ளிப்போன பக்கம்

வக்கீல் அலுவலகத்தில் அவளை எல்லோரும் டைப்பிஸ்ட் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேர்ந்த ஜூனியர்கள் மட்டும் கூடவே ஒரு மேடம் போட்டுக்கொள்வார்கள். மனு, பதில் மனு, வாடகை ஒப்பந்தம், உயில் என்று எது வந்தாலும் அவள் விரல் பட்டால் வரிகள் ஒழுங்காகப் போய் அதனதன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஓரத்தில் எவ்வளவு விட வேண்டும், பக்கத்தின் அடியில் ஒற்றை வரி அநாதையாக நிற்காமல் எப்படி இழுத்துக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்து அவள் சொன்னபடி கேட்கும். படத்தோடு மட்டும் அவளுக்குப் பழக்கமே இருந்ததில்லை. உயிலில் யார் படம் போடுகிறார்கள்?

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். வாய் ஓயாத மனிதர். லிஃப்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், கதவுக்கு இந்தப் பக்கம் நின்று வேலை பார்த்தபடியே அவர்களிடம் கதை பேசிக்கொண்டிருப்பார். உள்ளே இருப்பவர்களுக்குப் பயம் தெரியாது. வெளியே வந்த பிறகும் கதையைப் பாதியில் விட்டுப்போக மனமில்லாமல் சிலர் நின்றதுண்டு. அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்தபோது ரேஸரை நழுவவிட்டார். குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். உயிர் தங்கியது. வலது கை துவண்டுபோனது, வலது கால் இழுத்துக்கொண்டது, பேச்சு போய்விட்டது.

முழுவதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு சொல் மிச்சம் இருந்தது. "சரி."

பசிக்கிறதா என்று கேட்டால் சரி. பசிக்கவில்லையா என்றாலும் சரி. வலித்தால் சரி, சரி, சரி. கோபம் வந்தால் அதையே ஊருக்குக் கேட்கிற மாதிரி. கல்யாணமான நாளிலிருந்து எதற்கும் சட்டென்று சரி சொல்லாத ஆள் அவர். சன்னலுக்குத் திரைச்சீலை வாங்கப் போனால்கூட நிறத்தைப் பற்றி வாதாடி வாதாடிக் கடைக்காரரை உட்கார வைத்துவிடுவார். அவர் இப்படி ஆனதை நினைத்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுக்குத் திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாத்தனார் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

நாத்தனார் அவருக்கு ஒரே தங்கை. நடந்து போகிற தூரத்தில்தான் வீடு. அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தாள். அண்ணி மேல் வைக்க அவ்வளவாக மிச்சமில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு, பேச்சுப் பயிற்சிக்காக அவரை ஒரு சிறிய கிளினிக்குக்கு அழைத்துப் போனார்கள். பயிற்சி கொடுப்பவள் சின்ன வயசுக்காரி. ஆனால் அவசரப்படாதவள். ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதில் வருகிற வரைக்கும் உள்ளங்கையில் கன்னத்தைத் தாங்கிக்கொண்டு காத்திருப்பாள்.

"அம்மா, சார் சொல்ல நினைக்கறது உள்ள இருக்கு. வெளிய வர்ற வழிதான் அடைச்சிருக்கு" என்றாள். "ஒரு புத்தகம் மாதிரி செஞ்சு குடுங்க. வீட்ல இருக்கற சாமான், வந்து போற ஆளுங்க, எல்லாத்தையும் போட்டோ எடுத்துப் போடுங்க. ஒவ்வொண்ணுக்கும் அடியில பெருசா ஒரு வார்த்தை. அவர் விரல வெச்சுக் காட்டட்டும்."

"வார்த்தை எதுக்கும்மா? ஆஸ்பத்திரில பேப்பர் ஒண்ணைக் காட்டிப் படிக்கச் சொன்னாங்க. வெறிச்சுப் பாத்துக்கிட்டே இருந்தார். படிக்கறதும் போயிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரே."

"இருக்கட்டும். பக்கத்துல இருக்கறவங்களுக்காவது உதவும்."

நாத்தனாருக்கு இந்த யோசனையே பிடிக்கவில்லை. "எங்கண்ணன் என்ன ஒண்ணாங்கிளாஸ் பிள்ளையா, படம் பாத்துச் சொல்றதுக்கு? வாய்ப் பேச்சுலயே ஒரு ஊரை விலைக்கு வாங்கினவரு" என்று படியிறங்கும் வரை பொருமிக்கொண்டே வந்தாள்.

டைப்பிஸ்ட் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று மாலையே கைபேசியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். தண்ணீர் டம்ளர், போர்வை, மூக்குக் கண்ணாடி, மாத்திரை டப்பா, மின்விசிறி, செருப்பு, கழிப்பறைக் கதவு. மகளின் படம் ஏற்கனவே இருந்தது. நாத்தனார் வந்தபோது அவளையும் ஒரு படம் எடுத்துக்கொண்டாள். நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்த நேரம், கண்ணும் பாதி மூடியிருந்தது. இன்னொன்று எடுக்கிறேன் என்று சொல்ல டைப்பிஸ்டுக்குத் துணிச்சல் வரவில்லை.

அலுவலகத்தில் பழையதாகிப்போய்க் கொடுத்த கணினி ஒன்று வீட்டில் இருந்தது. அதில் புதிய டாக்குமெண்ட் திறந்து, தண்ணீர் டம்ளரைப் போட்டு, அடியில் பெரிய எழுத்தில் "தண்ணீர்" என்று அடித்தாள். அழகாக உட்கார்ந்தது. அடுத்துப் போர்வையைப் போட்டாள். டம்ளர் பக்கத்தின் வலது மூலைக்கு ஓடியது. மவுஸால் பிடித்து இழுத்தாள். அது "தண்ணீர்" மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம் கீழே தள்ளினாள். போர்வை அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. ஒன்றை அடக்கினால் இன்னொன்று கிளம்பியது. அத்தனை வருஷம் விசைப்பலகையில் ராஜ்ஜியம் நடத்தியவளுக்கு ஒரு டம்ளர் தண்ணி காட்டியது.

வெளியூரில் வேலை பார்க்கும் மகளுக்கு போன் போட்டாள்.

"அம்மா, படத்து மேல ரைட் கிளிக் பண்ணு."

"பண்ணிட்டேன்."

"ராப் டெக்ஸ்ட்னு ஒண்ணு வருதா?"

"வருது."

"அதுக்குள்ள போயி ஏதாவது ஒண்ணை மாத்திப் பாரு."

"மாத்திட்டேன். இப்ப அப்பாவோட செருப்பைக் காணோம்."

"எப்படிம்மா காணாமப் போகும்?"

"மின்விசிறிக்குப் பின்னால போயிடுச்சுடி. ஓரம் மட்டும் தெரியுது."

"சரி, கன்ட்ரோல் இசட் போடு, பழையபடி வந்துடும்."

"போட்டேன். ஐயோ, இப்ப உன்னையே காணோம்."

மகள் சிரித்த சிரிப்பில் அவளுக்கும் கோபம் கரைந்துபோனது. அதற்குள் மகளை மீட்டிங்குக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

டைப்பிஸ்ட் தன் வழிக்கே திரும்பினாள். படம் மேலே வந்தால் என்டரைத் தட்டிக் கீழே தள்ளினாள். இடது பக்கம் ஒட்டினால் ஸ்பேஸ் பாரை அடித்து வலது பக்கம் நகர்த்தினாள். இரண்டு தட்டு அதிகமானால் ஒரு பேக்ஸ்பேஸ். இப்படியே ஒரு வாரம், வேலைக்குப் போகுமுன் கொஞ்சம், வந்ததும் கொஞ்சம் என்று மல்லுக்கட்டி எல்லாவற்றையும் திரையில் அதனதன் இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஒவ்வொரு படத்துக்கும் கீழே அதன் சொல். பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருந்தது.

பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போய் அலுவலகத்துக்கு எதிரே இருந்த பிரின்ட் கடையில் கொடுத்தாள். நனைந்தாலும் கிழியாதபடி லேமினேட் செய்து, கம்பிச் சுருள் போட்டுத் தரச் சொன்னாள். சாயங்காலம் போய் வாங்கியபோது கடைக்காரர் பாதிக் கதவை இறக்கிவிட்டிருந்தார். அவசர அவசரமாக அட்டையைப் பார்த்தாள், முதல் பக்கத்தைப் பார்த்தாள். இரண்டும் சரியாகவே இருந்தன. பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் பிடித்தாள்.

அவள் தேர்ந்தெடுத்திருந்த எழுத்துரு கடைக்காரரின் கணினியில் இல்லை. அது தன்னிடம் இருந்த வேறொன்றைப் போட்டு நிரப்பிக்கொண்டது. அந்த எழுத்து கொஞ்சம் தடிமன், கொஞ்சம் உயரம். இரண்டாம் பக்கத்திலேயே ஒரு வரி கீழே இறங்கியது. அந்த வரி இறங்கியதும் அவள் தட்டிவைத்த என்டர்கள் எல்லாம் வரிசையாக இறங்கின. கடைக்காரருக்கு எதன் கீழ் எது இருக்க வேண்டும் என்று எப்படித் தெரியும்? படம் இருந்தது, எழுத்து இருந்தது, அடித்துக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை கிளினிக்கில்தான் புத்தகம் முதன்முதலாகத் திறக்கப்பட்டது. வாடகைக் காரிலிருந்து அண்ணனை இறக்க ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள நாத்தனாரும் வந்திருந்தாள். பயிற்சிக்காரி புத்தகத்தை அவர் மடியில் வைத்தாள்.

"சார், தண்ணி எங்க இருக்கு?"

அவர் இடது கையால் டம்ளரைத் தொட்டார். "சரி."

"பிரமாதம். அடுத்த பக்கம் திருப்புங்க."

திருப்பினார். போர்வையின் கீழே "கண்ணாடி" என்று இருந்தது. கண்ணாடியின் கீழே "மாத்திரை". டைப்பிஸ்ட் எட்டிப் பார்த்தாள். "ஐயையோ, இருங்க, இருங்க" என்று புத்தகத்தை வாங்கப் போனாள். அவர் விடவில்லை. இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தானாகவே அடுத்தடுத்த பக்கங்களைத் திருப்பினார். ஒரு பக்கத்தில் நின்றார்.

பாதிக் கண் மூடி, பாதி வாய் திறந்து நாத்தனார் இருந்தாள். அவளுக்குக் கீழே பெரிய தடித்த எழுத்தில் "கழிப்பறை" என்று போட்டிருந்தது.

முதலில் அவர் தோள்கள் குலுங்கின. வலிப்பு ஏதாவது வருகிறதோ என்று டைப்பிஸ்ட் பதறிப்போய்ப் பிடிக்கப் போனாள். அப்புறம்தான் சத்தம் வந்தது. சிரிப்பு. ரேஸரை நழுவவிட்ட நாளிலிருந்து அவர் சிரித்ததே இல்லை. படத்தைக் காட்டினார், எழுத்தைக் காட்டினார், பிறகு நிமிர்ந்து எதிரே உட்கார்ந்திருந்த தங்கையையே விரலால் காட்டினார். "சரி... சரி... சரி..." என்று கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார்.

நாத்தனார் எழுந்து வந்து பார்த்தாள். முகம் சுண்டிப்போனது.

"என்ன அண்ணி இது?"

"சத்தியமா நான் இப்படிப் போடலம்மா. கடைல ஏதோ தள்ளிப் போயிருக்கு. பாரு, எல்லாமே ஒண்ணு ஒண்ணு தள்ளித்தான் இருக்கு."

"எல்லாம் தள்ளிப் போயி, கரெக்டா அது மட்டும் வந்து என் கீழ உக்காந்துக்குச்சா? மனசுல இருக்கறதுதானே கையில வரும்?"

கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். காரிலேயே முகத்தை அந்தப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள் என்று பிற்பாடு டிரைவர் சொன்னார்.

டைப்பிஸ்ட் வெட்கத்தில் கூனிக் குறுகிப்போய் புத்தகத்தை மூடப் போனாள். பயிற்சிக்காரி அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

"மூடாதீங்கம்மா. ஒரு நிமிஷம். சார் எதைப் பாத்துச் சிரிச்சார்?"

"அவ போட்டோவைப் பாத்துத்தான்."

"போட்டோவைப் பாத்துச் சிரிக்கறதுன்னா தினமும் நேர்லயே பாக்கறாரே? அடியில இருக்கற வார்த்தை புரியாம இது எப்படி ஜோக் ஆகும்?"

டைப்பிஸ்ட் கையைப் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டாள்.

பயிற்சிக்காரி வெள்ளைத்தாளைக் கிழித்துத் துண்டு துண்டாக்கினாள். ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதினாள். சன்னல், சாவி, செருப்பு, சோப்பு. படம் எதுவும் இல்லை. மேசையில் பரப்பிவிட்டு, "சார், செருப்பு எது?" என்று கேட்டுவிட்டுக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். அவர் விரல் சோப்பின் மேல் போய் நின்றது, தயங்கியது, நகர்ந்து செருப்பைத் தொட்டது. சாவி என்றாள். சாவியைத் தொட்டார். சீட்டுகளைக் கலைத்துவிட்டு மறுபடியும் கேட்டாள். ஒன்றிரண்டு தவறின. மற்றதெல்லாம் சரியாக வந்தன. முழு வாக்கியமாக எழுதிக் காட்டியபோது மட்டும் பழையபடி வெறித்துப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரில காட்டினது பத்தி பத்தியா இருந்திருக்கும். அது இன்னும் அவருக்குச் சுவர் மாதிரிதான். ஆனா தனி வார்த்தை உள்ள இறங்குது. நாமதான் கேக்கவே இல்ல" என்றாள் பயிற்சிக்காரி.

டைப்பிஸ்டுக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்குப் பேப்பர் போடுகிறவரை இனிமேல் வேண்டாம் என்று தான் நிறுத்தச் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னபோது அவரும் பக்கத்திலேதான் உட்கார்ந்திருந்தார். சரி என்றார்.

மறுநாள் மதிய இடைவேளையில், அலுவலகக் கணினியிலேயே அந்த ஃபைலைத் திறந்தாள். சாப்பாட்டு டப்பாவைத் தொடவில்லை. கண்ணுக்குத் தெரியாத குறிகளைக் காட்டும் பொத்தான் ஒன்று உண்டு. மனுக்களில் தேவையில்லாத இடைவெளியைக் கண்டுபிடிக்க அவள் அடிக்கடி பயன்படுத்துவதுதான். அதை அமுக்கினாள். பக்கம் முழுக்க எறும்பு மொய்த்தது போல இருந்தது. அவள் தட்டிய என்டர், அவள் அடித்த ஸ்பேஸ், அத்தனையும் புள்ளியும் குறியுமாக வந்து நின்றன. வேறு யாராவது இப்படி ஒரு மனுவை அடித்துக்கொண்டு வந்திருந்தால் அவள் திருப்பி முகத்திலேயே எறிந்திருப்பாள். தான் எந்தப் படத்தையும் இடத்தில் வைக்கவே இல்லை, முட்டுக் கொடுத்துத்தான் நிறுத்தியிருந்தோம் என்பது அப்போது புரிந்தது. ஒரு முட்டு சரிந்ததும் எல்லாம் சரிந்துவிட்டது.

நாத்தனாரின் படத்தைக் கிளிக் செய்தாள். பக்கத்தின் ஓரத்தில் சின்னதாக ஒரு நங்கூரம் தெரிந்தது. அதுவரை அதைக் கவனித்ததே இல்லை. கப்பலுக்குப் போடுவது போன்ற நங்கூரம். அது எந்தப் பத்தியின் பக்கத்தில் நிற்கிறதோ அந்தப் பத்தியோடுதான் படம் போகும் போலிருந்தது. நாத்தனாரின் நங்கூரம் "தங்கச்சி" என்ற சொல்லின் பக்கத்தில் இல்லை. எங்கேயோ மேலே, ஒரு வெற்று வரியில் குத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். ஒன்றுகூடத் தன் சொல்லோடு கட்டப்பட்டிருக்கவில்லை.

மகள் சொன்ன அதே ராப் டெக்ஸ்டைத் திறந்தாள். அன்று கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைத் தட்டினாள். இன்று ஒவ்வொன்றாக மாற்றி, என்ன ஆகிறது என்று பார்த்தாள். ஒன்றில் எழுத்து படத்தைச் சுற்றி ஓடியது. ஒன்றில் படம் எழுத்தை மறைத்தது. முதலாவதாக இருந்த "இன் லைன் வித் டெக்ஸ்ட்" என்பதைத் தட்டியதும் நங்கூரம் மறைந்தது. படம் வரிக்குள் வந்து உட்கார்ந்தது. அதற்கு முன்னால் கர்சரை வைத்து ஓர் எழுத்து அடித்தாள். படம் ஓர் எழுத்தளவு நகர்ந்தது. பேக்ஸ்பேஸ் தட்டினாள். திரும்ப வந்தது.

இது ஒன்றும் படமில்லை, பெரிய சைஸ் எழுத்து. அவ்வளவுதானா விஷயம் என்று அவளுக்குத் தோன்றியது. எழுத்தை மேய்ப்பது அவளுக்குப் புதிதா என்ன?

அதற்கப்புறம் கை தானாக ஓடியது. பழைய என்டர்களையெல்லாம் துடைத்தெறிந்தாள். ஒப்பந்தங்களில் சொத்து விவரத்துக்குப் போடுவது மாதிரி ஒரு டேபிள் போட்டாள். ஒரு கட்டத்துக்குள் படம், அதே கட்டத்துக்குள் அடியிலேயே அதன் சொல். கட்டத்தின் உயரத்தைக் கட்டிப்போட்டாள். கட்டம் பாதி இந்தப் பக்கம் பாதி அந்தப் பக்கம் என்று உடையாதபடியும் செய்தாள். பிறகு வேண்டுமென்றே வம்புக்கு இழுத்துப் பார்த்தாள். மேலே வெற்று வரிகளாகத் தட்டினாள். எழுத்துருவை மாற்றினாள். டம்ளர் போன இடத்துக்குத் "தண்ணீர்" கூடவே போனது. ஜோடி பிரியவே இல்லை. கடைசியாக, எந்தக் கணினிக்குப் போனாலும் கலையாதபடி பிடிஎஃப்பாக மாற்றிக்கொண்டாள்.

ஜூனியர் ஒருவர் பின்னால் வந்து நின்று திரையை எட்டிப் பார்த்தார். கழிப்பறைக் கதவு முழுத் திரையில் நின்றது.

"என்ன மேடம், ஏதாவது புது கேஸா?"

"குடும்ப வழக்கு சார்" என்றாள்.

புதிய புத்தகத்தோடு அவரையும் அழைத்துக்கொண்டு அவளே நாத்தனார் வீட்டுக்குப் போனாள். நாத்தனார் கதவைத் திறந்தாள், அண்ணனைப் பார்த்து உள்ளே வா என்றாள், அண்ணியைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சோபாவில் உட்கார்ந்ததும் அவர் புத்தகத்தைப் பிரித்து, தேடி, அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இப்போது படத்துக்குக் கீழே "தங்கச்சி" என்றிருந்தது. முதலில் எழுத்தின் மேல் விரலை வைத்தார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

நாத்தனார் மறு கையால் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அண்ணி."

"சொல்லும்மா."

"இந்தப் போட்டோவை மொதல்ல மாத்துங்க. இதைப் பாத்தா எனக்கே அந்த வார்த்தைதான் ஞாபகம் வரும்."

தன் கைபேசியிலிருந்து நல்ல படமாக ஒன்றைத் தேடி எடுத்தாள். அது பிடிக்காமல் இன்னொன்றை எடுத்தாள். கடைசியில், அண்ணி எடுத்தால் போதும், ஆனால் புடவை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று உள்ளே போனாள். அன்றைக்கு அவர்கள் வீடு திரும்ப வெகு நேரம் ஆகிவிட்டது.

பயிற்சிக்காரிக்கு இன்னொரு ஆசை வந்திருந்தது. "சரியான புத்தகம் இருக்கட்டும்மா. அதோட தப்பு தப்பா ஒண்ணும் செஞ்சு குடுங்க. ஒரு பக்கத்துல ஒண்ணு மட்டும் மாறியிருக்கணும். சார் கண்டுபிடிக்கட்டும்."

படாத பாடு பட்டுப் படங்களை இடத்தில் நிறுத்தக் கற்றுக்கொண்டவள், இப்போது உட்கார்ந்து அவற்றைத் தவறான இடத்தில் அசையாமல் நிறுத்தினாள். அதில் அவளுக்கே ஒரு குஷி பிறந்துவிட்டது. மின்விசிறிக்குக் கீழே "நாய்" என்று போட்டாள். தன் அலுவலக வக்கீலின் படத்தைப் போட்டு "மாத்திரை" என்று எழுதினாள். தினமும் சாயங்காலம் அந்தத் தப்புப் புத்தகம்தான் வீட்டில் பொழுதுபோக்கு. அப்படி ஒரு சாயங்காலம்தான், "இது நாயாங்க?" என்று மின்விசிறியைக் காட்டி அவள் கேட்டபோது, அவர் "ச..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினார். உதட்டைக் கடித்தார். நெற்றி நரம்பு புடைத்தது.

"இல்ல" என்றார்.

அவள் மகளுக்கு போன் போட்டுச் சொன்னாள். நாத்தனார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அதற்கடுத்த சில நாள் அவர் எதற்கெடுத்தாலும் இல்ல, இல்ல என்று சொல்லிக்கொண்டிருந்தார். குளிக்கக் கூப்பிட்டால் இல்ல. மாத்திரைக்கு இல்ல. தன் பழைய புருஷன் திரும்பி வந்துவிட்டார் என்று அவள் அலுவலகத்தில் சொல்லிச் சிரித்தாள்.

ஆனால் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் புத்தகத்தைத் தூக்கி எறிந்தார்.

காலையிலிருந்தே எதையோ தேடிக்கொண்டிருந்தார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போவார், திரும்ப வருவார். தண்ணியா என்றாள். இல்ல. போர்வையா? இல்ல. டிவியா, பாத்ரூமா, வலிக்குதா, தங்கச்சியைக் கூப்பிடட்டுமா என்று ஒவ்வொன்றாக அவள் கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்துகொண்டே போனது. கடைசியில் இடது கையால் ஒரே வீச்சு. கம்பிச் சுருள் சுவரில் பட்டு நெளிந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவள் புத்தகத்தைப் பொறுக்கி எடுத்து, நெளிந்த கம்பியை நிமிர்த்திக்கொண்டே யோசித்தாள்.

புத்தகத்தில் இருந்ததெல்லாம் அவள் அவரிடம் கேட்கக்கூடிய கேள்விகள். பசியா, தாகமா, குளிரா. அவருக்குச் சொல்ல வேண்டியது என்று அதில் எதுவுமே இல்லை. வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த மனிதர் வீட்டில் தண்ணீரும் போர்வையும் கேட்டா பேசிக்கொண்டிருந்தார்?

கணினியைத் திறந்து, அவரையும் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தாள். "நான் ஒவ்வொரு வார்த்தையா அடிக்கறேன். வேணும்னா தலையாட்டுங்க" என்றாள். பயமா இருக்கு என்று அடித்தாள். அவர் கொஞ்சம் யோசித்துத் தலையாட்டினார். சலிப்பா இருக்கு. பலமாக ஆட்டினார். வேலைக்குப் போகணும் என்று அடித்தபோது, பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஆட்டினார். அவள் அதைப் பார்க்காதது போல அடுத்த வரிக்குப் போனாள். அடுத்து என்ன அடிப்பது என்று தெரியவில்லை. சும்மா, விளையாட்டுக்குத்தான், "தனியா விடு" என்று அடித்தாள்.

அவர் கையை நீட்டி, திரையில் அந்தச் சொல்லின் மேலேயே விரலை அழுத்தினார். திரை லேசாகக் குழிந்து நிறம் மாறியது.

அவளுக்குச் சுருக்கென்றது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவள் அவரைத் தனியாக விட்டதே இல்லை. அவள் அலுவலகம் போனால் நாத்தனார், நாத்தனார் போனால் அவள். தூங்கினால்கூட யாராவது ஒருத்தி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"இதுக்கு என்ன படம் போடறது?" என்று மட்டும் கேட்டாள்.

அவர் கை காட்டித் தன் கைபேசியைக் கேட்டு வாங்கினார். அதில் நூற்றுக்கணக்கில் லிஃப்ட் படங்கள் இருந்தன. வேலை முடிந்ததும் எடுத்துவைப்பார். இடது கட்டைவிரலால் தள்ளித் தள்ளிப் போய் ஒன்றில் நிறுத்தினார். ஒரு லிஃப்ட், கதவு இரண்டும் சேர்ந்து மூடியிருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அதைக் கட்டத்துக்குள் வைத்தாள். அடியில் சொல்லை அடித்தாள். வழக்கம்போல மேலே வெற்று வரி தட்டிச் சோதித்துப் பார்த்தாள். பிரியவில்லை. பிரின்ட் எடுத்து, நெளிந்த கம்பியில் கோர்த்துக் கொடுத்த அன்றே அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பி அவளிடம் நீட்டினார். அவள் எழுந்து முன்னறைக்குப் போனாள். செய்ய ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் உள்ளே ஏதாவது சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் அதையும் விட்டுவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து, மறுபடியும் வரவழைத்திருந்த பேப்பரைப் படித்தாள். விளம்பரம் உள்பட ஒரு வரி விடாமல் படித்தாள்.

வாக்கியம் பேச அவருக்கு இன்னும் நாளாகும் என்கிறாள் பயிற்சிக்காரி. தனிச் சொற்கள் வருகின்றன. சில நாள் நிறைய, சில நாள் ஒன்றுமே இல்லை. புத்தகம் மூன்றாவது தடவை பிரின்ட் ஆகியிருக்கிறது. அந்தக் கிளினிக்குக்கு வருகிற வேறு இரண்டு குடும்பங்களுக்கும் டைப்பிஸ்ட் அவரவர் வீட்டுப் படங்களைப் போட்டுப் புத்தகம் செய்து கொடுத்தாள்.

லிஃப்ட் படம் போட்ட பக்கம் மட்டும் வேகமாக ஓரம் தேய்ந்துகொண்டிருக்கிறது. பாதி தேய்மானம் அவளுடையது. அலுவலகத்திலிருந்து அலுத்துப்போய் வரும் நாட்களில், அவர் பக்கத்தில் கிடக்கும் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திருப்பி, அவர் முகத்துக்கு நேரே காட்டுவாள். அவர் ஒரு நொடி முறைப்பார். பிறகு கைத்தடியை ஊன்றி எழுந்து, காலை இழுத்து இழுத்து நடந்து பால்கனிப் பக்கம் போய்விடுவார்.